அமெரிக்கத் தெற்கத்திச் சமையல்: ஒரு வருஷத்தில் நான் கொட்டிய மாவுக் கணக்கு

ஜார்ஜியாவில் இந்த ஊர்ச் சாப்பாட்டை வீட்டிலேயே சமைத்துப் பார்ப்பது என்று இறங்கி இந்த மாதத்தோடு ஒரு வருஷம். செலவை நோட்டில் குறித்து வைக்கிற பழக்கம் இருப்பதால் கூட்டிப் பார்த்தேன். குப்பைக்குப் போன மாவு, மோர், கோழி, எண்ணெய், உதவாத ஒரு பழைய சட்டி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 310 டாலர். சனிக்கிழமைக் காலைகள் எத்தனை போயின என்று கணக்கில்லை. முதல் மூன்று மாதம் எனக்குக் கைப்பக்குவம் வராது போலிருக்கிறது என்று என்னையே நொந்துகொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, மாவு, மோர், இரும்புச்சட்டி, எல்லாமே நமக்குப் பழகினவைதானே. அந்தப் பழக்கம்தான் காலை வாரியது. பெயர் ஒன்றாக இருக்கிறது, பொருள் வேறாக இருக்கிறது. செய்முறை எழுதுகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள் என்பதால் எந்த மாவு, எந்த மோர் என்று சொல்வதே இல்லை. அவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும்.

பிஸ்கட்டில் தொடங்குகிறேன், அதில்தான் அதிகம் தோற்றேன். இங்கே பிஸ்கட் என்றால் டீயில் நனைக்கிற சமாச்சாரம் இல்லை. உள்ளங்கை அகலத்தில், விரலால் பிரித்தால் அடுக்கடுக்காக வருகிற மெத்தென்ற பன். மாவு, கொழுப்பு, மோர், மூன்றே பொருள். என்னுடையது உளுந்து போதாத இட்லி மாதிரி கல்லாக வந்தது, நான்கு தடவை. காரணம் கோதுமை. அமெரிக்கா முழுக்க விற்கிற சாதாரண மைதாவில் புரதம் நூற்றுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை இருக்கும். தெற்கில் பிஸ்கட்டுக்கு என்று எடுக்கிற மாவு குளிர்காலத்தில் வளரும் மென்கோதுமையில் அரைத்தது. புரதம் எட்டு, ஒன்பதுதான். பரோட்டாவுக்கு இழுவை வேண்டும், பிஸ்கட்டுக்கு இழுவையே ஆகாது என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். 1883-இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் தொடங்கிய ஒயிட் லில்லி மாவுக்கு இங்கே இவ்வளவு பேர் அடிமையாக இருப்பது இதனால்தான். அந்தப் பெயர்தான் வேண்டும் என்றில்லை. பையின் பின்பக்கம் சத்துப் பட்டியலில் 30 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 2 கிராம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 4 என்றால் அது ரொட்டி மாவு, வைத்துவிடுங்கள். 3 என்று போட்ட மாவுதான் வீட்டில் இருக்கிறதென்றால் பாதிக்குப் பாதி கேக் மாவு கலந்துகொண்டால் ஓரளவு தேறும்.

அடுத்த குழி செல்ஃப் ரைசிங் மாவு. இதில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். அது தெரியாமல் மேலே இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்டுச் சோப்புக் கசப்போடு ஒரு தட்டு பிஸ்கட் சுட்டேன். அடுத்த வாரம் சாதா மாவை எடுத்து, எதுவும் போடாமல் சப்பாத்தி உருண்டையைச் சுட்டேன். கணக்கு இதுதான்: ஒரு கப் சாதா மாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு சேர்த்தால் செல்ஃப் ரைசிங் மாவு. கலந்து விற்கிற மாவை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தால் பொங்கி எழும்புகிற திறன் போய்விடும், அதனால் தள்ளுபடி என்று பெரிய பை வாங்காதீர்கள். பேக்கிங் பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அரைத் தேக்கரண்டி எடுத்துக் கொதிக்கிற வெந்நீர் கொஞ்சம் ஊற்றுங்கள். பொங்கி நுரைக்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் தூக்கிப் போடலாம். வர்ஜீனியாவில் பிறந்த எட்னா லூயிஸ், தெற்கத்திச் சமையலின் பெரிய பெயர், கடைப் பவுடரின் வாடை பிடிக்காமல் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூள் இரண்டு பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு என்று தானே கலந்துகொள்வார். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். இதில் ஈரம் பட்டதுமே வேலை தொடங்கிவிடும், பிசைந்து வைத்துவிட்டு போன் பேசப் போகக்கூடாது.

மோர் விஷயத்தில் நாம்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தேன். இங்கே பட்டர்மில்க் என்று விற்பது பாலில் உறை ஊற்றிப் புளிக்கவைத்த கெட்டியான சாமான், கரண்டியில் தொட்டால் பூசினாற்போல் நிற்கும். நம் நீர்மோரை ஊற்றினால் மாவு கூழாகும். அதற்கு மாற்று வேண்டுமானால் முக்கால் கப் புளித்த கெட்டித் தயிரில் கால் கப் பால் விட்டு அடித்துக்கொள்ளுங்கள். பாலில் எலுமிச்சை பிழிந்து வைத்துக்கொள் என்று எழுதியிருப்பார்கள். புளிப்பு வரும், கெட்டித்தன்மை வராது. பிஸ்கட் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் படரும்.

இப்போது எனக்கு நிற்கிற அளவு: செல்ஃப் ரைசிங் மென்மாவு 2 கப், அதாவது 240 கிராம். கப்பைப் பைக்குள் விட்டு அள்ளினால் ஒரு கப்பே 140 கிராமைத் தாண்டிவிடும், தராசு வாங்குவது மேல். வெண்ணெய் 56 கிராம், பதினைந்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்துக் காரட் துருவியில் துருவியது. பட்டர்மில்க் முக்கால் கப், குளிர்ந்தது. வெண்ணெய்யை மாவில் விரல் நுனியால் உதிர்த்துவிட்டு, பட்டாணி அளவில் துணுக்குகள் அங்கங்கே இருக்கும்போதே நிறுத்த வேண்டும். வெண்ணெய்யில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது, அடுப்புச் சூட்டில் அது ஆவியாகும்போதுதான் அடுக்குப் பிரியும். ஜூலை மாத ஜார்ஜியாவில் சமையலறைச் சூட்டிலேயே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் ஆவிக்கு வேலையே இல்லை, மண்மாதிரி உதிரும். மோரை ஊற்றிக் கரண்டியால் பத்துப் பன்னிரண்டு கிளறு. கையில் ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும். பலகையில் மாவு தூவி, தட்டி, மடித்து, தட்டி, மூன்று நான்கு மடிப்பு. கனம் ஓர் அங்குலம். வட்ட அச்சை நேராக அழுத்தி நேராக எடுங்கள். நான் மூடியைத் திருகுவது போல் திருகிக்கொண்டே இருந்தேன். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு அடுக்கு எழும்ப வழியில்லாமல் போகிறது. தட்டில் ஒன்றையொன்று தொட்டபடி அடுக்கி, 475 டிகிரி ஃபாரன்ஹீட் அவனில் 12 முதல் 14 நிமிஷம். பத்து டாலருக்குள் கிடைக்கிற அடுப்புத் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே தொங்கட்டும். என் அடுப்பு 475 என்று காட்டும்போது உள்ளே 440தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆனது, அன்றைக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது.

கார்ன்பிரெட், அதாவது மக்காச்சோள ரொட்டி, இதில் நம் மொழியே நமக்கு எதிரி. நாம் சோளமாவு என்று சூப்பில் கரைப்பது மக்காச்சோளத்தின் மாச்சத்து மட்டும். அதை இரண்டு கப் கொட்டிச் சுட்டால் வருவது பசை. இங்கே வேண்டியது முழு மக்காச்சோளத்தை ரவைபோல அரைத்த கார்ன்மீல். அடுத்து நான் எடுத்தது மாசா. அது சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மெக்சிக்கோ மாவு, டார்ட்டியாவுக்கு உரியது, சுவையே வேறு. மூன்றாவது தடவை சரியான பொருள்தான், ஆனால் பேக்கிங் பவுடர் கலந்த கார்ன்மீல் மிக்ஸ்! பொங்கி வழிந்து அடுப்பின் அடியில் கருகியது. பவுடர் கலக்காத வெள்ளைக் கார்ன்மீல் என்று பையில் தெளிவாகப் பார்த்து வாங்குங்கள். பத்து அங்குலச் சட்டிக்கு 2 கப் கார்ன்மீல், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு முட்டை, ஒன்றே முக்கால் கப் பட்டர்மில்க். பேக்கன் என்ற பன்றிக்கறிச் சீவலை வறுத்து வடித்த கொழுப்பு மூன்று மேசைக்கரண்டி. வேண்டாதவர்கள் வெண்ணெய்யோ எண்ணெய்யோ விடலாம், மணம் குறையும். மைதா கிடையாது. சர்க்கரை போடலாமா என்பதில் இங்கே வீட்டுக்கு வீடு சண்டை, நான் போடாத கட்சி. கொழுப்போடு சட்டியை 450 டிகிரி அடுப்பில் பத்து நிமிஷம் காயவைத்து, மாவை ஊற்றும்போது தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலச் சுர்ரென்று கேட்க வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் அடியில் மொறுமொறுப்பு வராது, திருப்பிக் கவிழ்க்கும்போது பாதி சட்டியிலேயே நின்றுவிடும். இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிஷத்தில் வெந்துவிடும்.

சட்டி என்றேன். வார்ப்பிரும்பு ஸ்கில்லெட். டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் 1896 முதல் லாட்ஜ் குடும்பம் வார்த்து வருகிறது, அதே ஊரில் ஆண்டுதோறும் கார்ன்பிரெட் திருவிழாவும் நடக்கிறது. புதுச் சட்டி பழக்கித்தான் வருகிறது, நேராகச் சமைக்கலாம். எனக்குப் போதவில்லை. எண்ணெய்யைத் தாராளமாகப் பூசி அடுப்பில் வைத்தேன், பலாப்பாலை ஊற்றினாற்போல் பிசுபிசுவென்று வந்தது. சட்டி பழகுவது என்பது எண்ணெய் சூட்டில் இறுகி இரும்பின்மேல் ஒரு தோலாக மாறுவது. படலம் கனமாக இருந்தால் முழுக்க இறுகாமல் பிசினாக நிற்கும். நம் தோசைக்கல் தினமும் வெங்காயமும் எண்ணெய்யும் பட்டே பழகிவிடுகிறது, இதற்கும் அதுவே போதும், அவசரப்பட்டவர்களுக்குத்தான் அடுப்பு வைத்தியம். அதையும் சொல்கிறேன், ஏனென்றால் துருப்பிடித்த பிறகு வேறு வழியில்லை. நான் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் செம்மண் நிறத்தில் எடுத்தேன். கம்பி நாரால் துரு போகத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, அரைத் தேக்கரண்டி கனோலா எண்ணெய்யை உள்ளும் புறமும் கைப்பிடியும் பட்டுப் போகும்படி தடவுங்கள். பிறகு, தெரியாமல் தடவிவிட்டது போல, காய்ந்த துணியால் அத்தனையையும் துடையுங்கள். மினுக்கம் தெரியவே கூடாது. கவிழ்த்து வைத்து 450 டிகிரியில் ஒரு மணி நேரம், உள்ளேயே ஆறவிட்டு, இதே போல மூன்று தடவை. ஆளி விதை எண்ணெய்தான் சிறந்தது என்று கேட்டு 14 டாலர் கொடுத்து வாங்கினேன். அழகாக இறுகியது, இரண்டு மாதத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்தது. தக்காளி போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கிற எதையும் இதில் வைக்காதீர்கள். புளிப்பு அந்தத் தோலை அரித்து, குழம்பில் இரும்பு வாடை ஏறும். வெண்டைக்காய் தக்காளிக் கூட்டு ஒன்றை அப்படியே கொட்டினேன். பழைய சாமான் கடையில் 40 டாலருக்கு நான் வாங்கிய சட்டி அடி வளைந்தது, கண்ணாடி அடுப்பில் வைத்தால் ஊஞ்சலாடும். வாங்குமுன் தட்டையான மேசையில் வைத்து ஓரத்தை விரலால் அழுத்துங்கள், லேசாகச் சுற்றியும் பாருங்கள். பம்பரமாகச் சுற்றினால் நடு அடி கீழே தள்ளியிருக்கிறது.

கிரிட்ஸ் பற்றிச் சுருக்கமாக. மக்காச்சோள ரவைக் களிதான். உப்புமா கிளறின கை என்பதால் கொதிக்கிற தண்ணீரில் சடசடவென்று கொட்டினேன், கட்டி தட்டியது. கல் இயந்திரத்தில் அரைத்த கிரிட்ஸை ஒரு கப்புக்கு நான்கு கப் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மேலே மிதக்கிற உமியை வடிகரண்டியால் எடுத்துவிட்டு, பிறகு அடுப்பில் ஏற்றிக் கிளறிக்கொண்டே கொதிக்கவிட வேண்டும். சிறுதீயில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். உப்பு முதலிலேயே, வெண்ணெய் கடைசியில். ஐந்து நிமிஷத்தில் வேகும் என்று போட்ட டப்பா வேறு ரகம், அதன் நேரத்தை இதற்குப் பார்த்தால் பல்லில் மணல் கடிக்கும். கல்லில் அரைத்ததில் முளைக்கருவின் எண்ணெய் அப்படியே இருப்பதால் வெளியே வைத்தால் காறிவிடும், ஃப்ரீசர்தான் இடம். மூன்று பை, 24 டாலர், அலமாரியிலேயே காறிப்போயின.

கீரையில் என் பிடிவாதம் வேறு மாதிரி. காலர்ட் கீரையைப் பொரியல் பதத்தில் பத்து நிமிஷம் வதக்கி, தோல் மாதிரி மென்றேன். இது குழையக் குழைய வேக வேண்டிய கீரை. புகைபோட்ட பன்றிக் கணுக்கால் துண்டு ஒன்றை இரண்டு லிட்டர் தண்ணீரில் முதலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டு, பிறகு நடு நரம்பு கிள்ளிய கீரை இரண்டு கட்டு, இன்னொரு முக்கால் மணி நேரம். பன்றி வேண்டாதவர்களுக்குப் புகைபோட்ட வான்கோழி இறக்கை அதே வேலையைச் செய்கிறது. மூன்று தண்ணீரில் அலசுங்கள், மூன்றாவதிலும் மணல் அடியில் நிற்கும். உப்பு கடைசியில் மட்டும். அந்தக் கறியே உப்பு, தண்ணீர் வற்ற வற்றக் கரிக்கும். இறக்கும்போது வினிகர் ஒரு கரண்டி. மிஞ்சுகிற பச்சைச் சாறு பாட்லிக்கர், அதைக் கீழே ஊற்றினால் பாவம். 1931-இல் லூசியானா மாநில ஆளுநர் ஹியூ லாங்குக்கும் அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன் நாளிதழின் ஆசிரியர் குழுவில் இருந்த ஜூலியன் ஹாரிஸுக்கும், அந்தச் சாற்றில் கார்ன்போன் என்ற சின்ன மக்காச்சோள ரொட்டியை முக்கித் தின்பதா உதிர்த்துப் போட்டுத் தின்பதா என்று பத்திரிகையில் வாரக்கணக்கில் வாதம் நடந்தது. செய்முறைகளில் பெரும்பாலும் விட்டுப்போகிற இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வெண்டைக்காயும் காராமணியும் இந்த மண்ணுக்கு வந்தது அடிமை வாணிபக் கப்பல்கள் ஓடிய வழியில், ஆப்பிரிக்காவிலிருந்து. இந்தச் சமையலின் பெரும்பகுதி அப்படி வந்தவர்களின் கைகளில் உருவானது.

கோழி வறுவலில் போனது எண்ணெய். ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர், கருகினால் அத்தனையும் குப்பை. பெரிய மார்புத் துண்டை முழுசாகப் போட்டால் வெளியே கருகி உள்ளே ரத்தம் கசியும், குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். உப்புப் போட்ட பட்டர்மில்கில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மாவில் புரட்டியதும் உடனே எண்ணெய்யில் போடாமல் அரை மணி கம்பி வலையில் வையுங்கள். மாவு ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும், எண்ணெய்யில் உரியாது. எண்ணெய் 350 டிகிரி, துண்டு விழுந்ததும் 325 அளவுக்கு இறங்கும், அங்கேயே பிடியுங்கள். ஒரே நேரத்தில் நான்கு துண்டுக்கு மேல் போட்டால் சூடு இன்னும் இறங்கி எண்ணெய் குடிக்கும். நிறத்தைப் பார்த்து எடுக்காமல் கறித் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள்: 165 டிகிரி வந்தால் பயமில்லை, தொடை 175 வரை போனால்தான் எலும்பருகே வழவழப்புப் போகும். முதல் மாதம் தப்பாக வாங்கிய சோளமாவுக்கும் இங்கே ஒரு வழி பிறந்தது. ஒரு கப் மைதாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி கலந்தால் மொறுமொறுப்பு ஆறின பிறகும் நிற்கிறது. வறுத்த சட்டியில் எண்ணெய்யை வடித்து இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, இரண்டு மேசைக்கரண்டி மைதாவைப் பச்சை வாடை போக வறுத்து, ஒரு கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறி மிளகைத் தட்டிப் போட்டால் கிரேவி. கல்லான பிஸ்கட்டும் இதில் ஊறினால் இறங்கும்.

மிஞ்சின கார்ன்பிரெட்டை மட்டும் எறியாதீர்கள். மறுநாள் காய்ந்து உதிரும் பதத்தில் அதை உயரமான தம்ளரில் பிய்த்துப் போட்டு, குளிர்ந்த பட்டர்மில்க் ஊற்றி, உப்பு, மிளகு போட்டுக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது இங்கத்துப் பழைய தலைமுறையின் ராத்திரிச் சாப்பாடு. கடித்துக்கொள்ளப் பச்சை வெங்காயம். பழைய சோற்றுக்குப் பழகின நாக்குக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டாம், இதற்கு மட்டும் நம் வீட்டு மோரே தாராளமாகப் போதும்.